கூடிய குதிரைச் சக்தியை அளப்பது எவ்வாறு?

கட்கி என்றவுடன், 1817-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் பேஷ்வாவின் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் அங்கு நடந்த போரையே சரித்திர நூல்கள் கூறும். நமக்கு அவ்வூரை அறிமுகம் செய்வித்ததோ டீசல் என்ஜின். 1946-இல் தோன்றிய கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸ் நிறுவனம் கட்கியில் ஆலை அமைத்தது. அதன் என்ஜின்கள் நம் தமிழ்நாட்டுக் கிணற்றடிகளிலும் நீர் இறைத்தன. என்ஜினில் பதித்த தகடு இத்தனை குதிரைச் சக்தி என்று கூறும். அந்த எண்ணை நம்பியே உழவர் பணம் கொடுத்தார்.

இன்று மோட்டார் வண்டியின் வலிமையைக் கூட்ட விரும்புவோர் சைலன்சரையும் காற்று வடிகட்டியையும் மாற்றுகின்றனர். எரிபொருளை அளந்துவிடும் மின்னணுக் கருவியின் கணக்கையும் திருத்துகின்றனர். "பத்துக் குதிரை கூடிற்று" என்பார் பட்டறைக்காரர். அவர் கையில் தகடும் இல்லை. கூடியதை எவ்வாறு அறிவது?

ஒரு நிமிஷத்தில் 33,000 ராத்தல் பாரத்தை ஓர் அடி உயர்த்துவதே ஒரு குதிரையின் வேலை என்று ஜேம்ஸ் வாட் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தார். சாதாரணக் குதிரை நாள் முழுவதும் அவ்வளவு உழைக்குமா என்பது ஐயமே! 1821-இல் பிரான்ஸ் நாட்டு ப்ரோனி, சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுகப் பிடித்து, அவற்றினின்று நீளும் கையை எடையால் நிலைநிறுத்தினார். அந்த எடையும் கையின் நீளமும் முறுக்கு விசையைத் தரும். சுழற்சியின் வேகத்தோடு பெருக்கினால் சக்தி கிடைக்கும். 'பிரேக் குதிரைச் சக்தி' என்னும் பெயர் இதனால் வந்தது. 1877-இல் வில்லியம் ப்ரூட் மரக்கட்டைக்குப் பதிலாகத் தண்ணீரையே தடையாக்கினார்.

எங்கே அளந்தார்கள் என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 1971 வரை விசிறி, சைலன்சர் முதலியவற்றைக் கழற்றிவிட்டு அளந்த எண்ணையே விளம்பரங்கள் பெரும்பாலும் பறைசாற்றின. 1972 முதல் அவற்றோடு சேர்த்து அளந்தபோது அதே என்ஜினுக்கு எண் இறங்கிற்று.

சென்னையை அடுத்த சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மோட்டார் பந்தயம் நடந்த நாட்களில், பட்டறைக்காரரின் கைத்திறனுக்குக் கடிகாரமே சாட்சி. கடிகாரம் பொய் சொல்லாது. ஆயின் ஓட்டுநரின் திறமை, டயர், வண்டியின் எடை யாவற்றையும் ஒன்றாகக் கலந்தே சொல்லும். இப்போது சக்கரங்களைக் கனத்த உருளைகளின்மேல் நிறுத்திச் சுழற்றி அளக்கிறார்கள். பல்சக்கரப் பெட்டியிலும் அச்சிலும் டயரிலும் ஒரு பங்கு தேய்ந்துபோவதால், இந்த எண் தொழிற்சாலை கூறும் எண்ணைவிடக் குறைவாகவே இருக்கும். இரண்டையும் ஒப்பிடுவது வீண்.

இனி, காற்றின் கதையைப் பார்ப்போம். கட்கி கடல் மட்டத்துக்குச் சுமார் 560 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் சென்னையைவிட நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜின் சென்னையில் 100 குதிரை காட்டினால், அதே வெப்பநிலையில் கட்கியில் 94-ஐ ஒட்டியே காட்டும். யாரும் அதைத் தொடவில்லை! 20 டிகிரிக் குளிரில் உள்ள காற்று 40 டிகிரிக்குச் சூடேறினால் மேலும் 6 பங்கு நீர்த்துவிடும். ஆகவே மாற்றத்துக்கு முன் நண்பகலிலும், பின் விடியற்காலையிலும் அளந்தால், இல்லாத குதிரைகளும் லாயத்தில் நிற்கும். 25 டிகிரி போன்ற ஒரு பொது நிலைக்குக் கணக்கைத் திருத்தும் முறை உண்டெனினும், வெப்பமானியை எங்கே வைத்தார்கள் என்பதில் அதுவும் தடுமாறும்.

மாற்றத்துக்கு முன் மும்முறை, பின் மும்முறை, அதே உருளையில், அதே கியரில், அதே டயர் அழுத்தத்தில், அதே நாளில் அளக்கச் சொல்லலாம். முதல் மூன்று அளவுகளுக்குள்ளேயே 2 குதிரை வேறுபாடு இருக்குமாயின், புதிய வடிகட்டியால் 2 குதிரை கூடிற்று என்னும் பேச்சுக்கு இடமே இல்லை.