பெட்டியோடு வந்த மருத்துவர்

நரம்பும் தசையும் – 9

கெண்டைக்கால் பருத்த அந்தச் சிறுவனிடம் சென்ற வாரம் வந்து நின்றோம். பார்த்தால் பயில்வானின் கால். ஆனால் நாலு படி ஏறுவதற்குள் தடுமாறி விழுகிறான். 1861ல் அவனைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவர் டூஷென், கோளாறு மூளையில் இருக்கிறது என்று நினைத்தார். 1868ல் அந்த எண்ணத்தைத் தானே திருத்தி, கோளாறு தசையிலேயே இருக்கிறது என்று நிறுவினார். இடைப்பட்ட ஏழு வருடங்களில் நடந்ததை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் மேசைமேல் ஒரு கிழவரின் புகைப்படம் இருக்கிறது. அவரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

பூலோன் துறைமுகத்தில் கடலோடிகளின் குடும்பத்தில் பிறந்த டூஷென், கப்பல் ஏறாமல் மருத்துவம் படிக்கப் போனதை முன்பே பார்த்தோம். முதல் மனைவி பிரசவக் காய்ச்சலில் இறந்ததும், பழியை மருமகன் தலையில் போட்டு மாமியார் ஊரெல்லாம் பேசியதும், பெற்ற மகனையே அவரிடமிருந்து பிரித்ததும் நினைவிருக்கும். துக்கத்தில் இருந்தவனைத் தூக்கி நிறுத்தாமல் மிதித்த அந்த அம்மாளை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. 1842ல் டூஷென் பாரிசுக்குத் திரும்பியபோது அவரிடம் பதவியும் இல்லை, பரிந்து பேச ஆளும் இல்லை. ஒரு மின்சாரப் பெட்டி மட்டும் இருந்தது.

கம்பிச்சுருள் வைத்த பெட்டி அது. அவருக்கு முந்தியவர்கள் தசைக்குள் ஊசியைக் குத்தி, அதன் வழியாக மின்சாரம் பாய்ச்சினார்கள். ஊசியே வேண்டாம் என்று கண்டவர் டூஷென். ஈரமாக்கிய இரண்டு மின்முனைகளைத் தோல்மேல் சரியான இடத்தில் வைத்தால் போதும். அடியிலிருக்கும் அந்த ஒரு தசை மட்டும் சுருங்கும், பக்கத்துத் தசை அசையாது. உயிரோடிருக்கும் மனிதனின் உடலில், கத்தி படாமல், ஒவ்வொரு தசையையும் தனித்தனியாக எழுப்பி ‘உன் வேலை என்ன?’ என்று கேட்க முடிந்தது. அதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பிணத்தை அறுத்துத்தான் பதில் தேட வேண்டும்.

இனி கிழவர். ஒல்லியான உடம்பு, பல் போன வாய், சுருக்கம் விழுந்த கன்னம். அழகன் என்றும் சொல்ல முடியாது, அவலட்சணம் என்றும் சொல்ல முடியாது. அவர் முகத்தில் ஒரு நோயால் உணர்ச்சி மரத்திருந்தது. மின்சாரம் பாய்ந்தாலும் வலி தெரியாது. டூஷென் மின்முனைகளை அவர் கன்னங்களில் வைக்கிறார். உதட்டோரங்கள் இரண்டும் மேலே ஏறுகின்றன. வாய் சிரிக்கிறது. கண்ணைப் பாருங்கள்: அங்கே சிரிப்பே இல்லை.

படத்தின் மேல்பாதியைக் கையால் மறைத்தால் சந்தோஷமான மனிதர். கீழ்ப்பாதியை மறைத்தால் யாருக்காகவோ காத்திருப்பவர். நான் பலமுறை இப்படி மறைத்து மறைத்துப் பார்த்திருக்கிறேன்.

டூஷென் எட்டிய முடிவு இதுதான். வாயை மேலே இழுக்கும் தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படும். நினைத்தால் சிரித்துவிடலாம். கண்ணைச் சுற்றியிருக்கும் தசையோ உள்ளத்தில் மகிழ்ச்சி ஊறினால்தான் அசையும். பொய்க்கு அது உடன்படாது. ‘உதட்டில் மட்டும் சிரிப்பு’ என்று நாம் ஒரு ஆளைப் பற்றிச் சொல்வோமே, அந்தச் சொல்லுக்கு உடற்கூறு எழுதிய மனிதர் இவர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பால் எக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், கண்ணும் சேர்ந்து சிரிக்கும் அந்த மெய்ச் சிரிப்புக்கு ‘டூஷென் சிரிப்பு’ என்றே பெயரிட்டார்.

இதையெல்லாம் படமெடுத்து வைத்தாரே, அதுதான் பெரிது. 1850களின் கேமராவுக்கு அவசரம் ஆகாது. முகபாவம் கணத்தில் மாறிவிடும். தகடோ மெதுவாகத்தான் ஒளியை வாங்கும். மின்சாரம் தசையைப் பிடித்து நிறுத்தி வைத்ததால் கேமராவுக்கு நேரம் கிடைத்தது. புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் நாடாரின் தம்பி அட்ரியென் தூர்னஷோன் தொடக்கத்தில் உதவினார். பிறகு டூஷெனே அந்தக் கலையைக் கற்றுக்கொண்டார். 1862ல் படங்களோடு புத்தகம் வந்தது. பத்து வருடம் கழித்து, மனித, விலங்கு உணர்ச்சிகளைப் பற்றி டார்வின் எழுதிய நூலில் அதே கிழவரின் முகம் இடம்பெற்றது.

இப்படிப்பட்டவருக்குப் பாரிஸ் மருத்துவமனைகள் என்ன செய்தன? கடைசிவரை ஒரு நிரந்தரப் பதவிகூடத் தரவில்லை. பெட்டியோடு வார்டு வார்டாக அலைந்தவரைப் பார்த்து இளம் டாக்டர்கள் கேலி செய்தார்கள். நோயாளி ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், இவரும் பின்னாலேயே போவார். அவர் பெருமையை உணர்ந்தவர் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ. சால்பெத்ரியேர் மருத்துவமனையின் கதவைத் திறந்துவிட்டதோடு நில்லாமல், நரம்பியலில் தன் குரு இவர்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஷார்கோவிடம் எனக்குச் சில மனத்தாங்கல்கள் உண்டு. இந்த ஒன்றுக்காகவே அவற்றையெல்லாம் மறக்கலாம்.

யோசித்துப் பார்த்தால், அந்த அலைச்சல்தான் அவரை உருவாக்கியது என்று நம்புகிறேன். பதவியில் இருந்தவர்கள் தங்கள் வார்டில் படுத்திருக்கும்வரை நோயாளியைப் பார்த்தார்கள். பதவியில்லாதவர் நோயாளியையே பின்தொடர்ந்தார். தசை நோய்களை ஒருநாள் பார்வையில் பிடிக்க முடியாது. மூன்று வயதில் நடக்கத் தாமதிக்கும் பிள்ளை, ஆறு வயதில் தொடையில் கையூன்றி எழும் பிள்ளை, பன்னிரண்டு வயதுவாக்கில் நடையே நின்றுபோகும் பிள்ளை: மூவரும் ஒரே பிள்ளை என்று அறிய வருடக்கணக்கில் கூடவே போயிருக்க வேண்டும். எந்தத் தசை அசைகிறது, எது அசையவில்லை என்று கிழவரின் முகத்தில் பழகிய கண்ணோடு டூஷென் அப்படிப் போனார். 1868 கட்டுரையில் பதின்மூன்று நோயாளிகள் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

அந்தக் கட்டுரைக்குள் நுழைய இந்த வாரம் பக்கம் போதவில்லை. ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். மின்சாரத்தால் சிறுவனின் தசையைச் சுருங்க வைக்கலாம். பருத்த காலுக்குள் இருப்பது என்ன என்று அது சொல்லாது. உள்ளே பார்க்க வேண்டுமென்றால் சாவுக்குக் காத்திருக்க வேண்டியதுதான் என்பது அன்றைய நிலை. டூஷென் காத்திருக்கவில்லை. உயிருள்ள உடலிலிருந்தே தசைத் துணுக்கு ஒன்றை எடுத்துவர ஒரு சின்னக் கருவியைச் செய்தார். கடலில் மீனைக் குத்தித் தூக்கும் ஈட்டியின் பெயரால்தான் அது பின்னாளில் அறியப்பட்டது.

கடலுக்குப் போகாத கடலோடி மகன் அந்த ஈட்டியில் எடுத்துவந்தது என்ன? அடுத்த வாரம்.