7600 என்ற எண்ணின் பயணம்

கோலார் தங்கவயலில் சுரங்கத்தின் ஆழத்தை அடிக்கணக்கில் சொல்வது சுரங்கக் கம்பெனி காலத்துப் பழக்கம். அங்குள்ள ராபர்ட்சன்பேட்டைப் பெரியவர்கள் வாயில் இன்றும் அதுதான் வரும். 7600 என்ற எண்ணும் அப்படி அடியாகப் பிறந்ததே. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஓர் இடத்தின் ஆழம் அது. 1965இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும், ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் அங்கே கருவி வைத்து, காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற துகள் விட்ட தடத்தைப் பிடித்தார்கள்.

தரையில் ஒரு சதுர சென்டிமீட்டரில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் துகள் விழுகிறது. அந்த மழையைப் பாறை தடுத்தால்தான் நியூட்ரினோவின் அரிய தடம் தெரியும். ஆகவே அறிவியலாளருக்கு அடிக்கணக்கு போதவில்லை. தலைக்கு மேலே எவ்வளவு கனம் இருக்கிறது என்று தெரியவேண்டும். கோலார்ப் பாறை தண்ணீரைவிட மூன்று மடங்கு கனமானது. எனவே 7600 அடி, அதாவது சுமார் 2300 மீட்டர் பாறை ஏறக்குறைய 7000 மீட்டர் தண்ணீருக்குச் சமம்.

சிக்கல் இங்கேதான். 7600, 7000 இரண்டும் ஒரே இடத்தைச் சொல்கின்றன. ஒன்று அடி, மற்றது தண்ணீர்க் கணக்கு. அலகு எழுதாத பட்டியலில் இவற்றைப் பார்ப்பவர், கருவியை 600 அடி மேலே ஏற்றிவிட்டார்கள் என்றே நினைப்பார்.

இன்று அந்த 7600 என்ற எண் பைத்தான் நிரலுக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். வெறும் எண்ணாக அதை உள்ளே விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. தரவின் ஒவ்வொரு மாறிக்கும் அதை விவரிக்கும் ஆப்ஜெக்ட் ஒன்று வேண்டும். கன்ஸ்ட்ரக்டர்தான் அது பிறக்கும் இடம். பெயர், அலகு, எங்கிருந்து அளந்தது, அளவு விடுபட்டால் என்ன குறி என்ற நான்கையும் அங்கேயே கேட்டு வாங்கவேண்டும். அலகு தராவிட்டால் ஆப்ஜெக்ட் உருவாகவே கூடாது. எங்கிருந்து அளந்தது என்பதும் சின்ன விஷயமல்ல. தங்கவயல் கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருப்பதால், கடல்மட்டத்திலிருந்து பார்த்தால் அதே கருவி 1400 மீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது.

விடுபட்ட அளவுக்குப் பூஜ்யத்தை வைப்பது எல்லாவற்றிலும் மோசம். ஆழம் பூஜ்யம் என்றால் கருவி தரைக்கு வந்து, மியூவான் மழையில் நனைகிறது என்று பொருள். பிறகு வரும் கணக்கு எதையும் நம்பமுடியாது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆழத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. இறங்கிப்போய் மறுபடி அளக்க இனி வழியில்லை.