அம்மாவின் கேள்வியும் 'புல்' குமாரும்

தில்லித் தமிழனுக்கு மலை என்றால் ஆர்.கே. புரம் மலை மந்திர்தான். படியேறி, சுவாமிநாதரைக் கும்பிட்டு, பிரசாதம் வாங்கிக்கொண்டு இறங்கினால் மலையேற்றம் முடிந்தது. நானும் அந்த ரகம்தான். அப்படிப்பட்டவன் ஒரு மலையேறியைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் அம்மா.

2016 பிப்ரவரி 3. சியாச்சினில் பனிச்சரிவு. 19,000 அடிக்கும் மேலே காவல் நின்ற மதராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேர் புதைந்துபோனார்கள். வேலூர், மதுரை, தேனி, கிருஷ்ணகிரி என்று நான்கு பேர் நம் பக்கத்துப் பையன்கள். ஆறாவது நாள் ஹனுமந்தப்பா என்ற கர்நாடக வீரர் மட்டும் உயிரோடு கிடைத்தார். இங்கே தௌலா குவான் பக்கம் இருக்கும் ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். நாடே வேண்டிக்கொண்டது. 11ஆம் தேதி அவரும் போய்விட்டார்.

அன்று ராத்திரி அம்மா ஃபோனில் கேட்டாள். "வெயில்ல வளந்த புள்ளைங்கடா. அங்க எதுக்குடா கொண்டுபோய் நிறுத்துறாங்க?"

"எல்லைம்மா" என்றேன்.

"யாரு போட்ட எல்லை?"

எனக்குத் தெரியவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் தில்லியில் குப்பை கொட்டுகிறேன், தெரியவில்லை. தேடிப் படித்தபோதுதான் நரேந்திர குமார் கிடைத்தார். ராணுவத்தில் எல்லோருக்கும் அவர் 'புல்' குமார். (நம்ம புல் இல்லை சாமி, காளை!) பயிற்சிக் காலத்தில் குத்துச்சண்டையில் தன்னைவிடப் பலசாலியான ஒரு சீனியரோடு மோதினார். தோற்றார், ஆனால் பின்வாங்கவில்லை. அதில் ஒட்டிக்கொண்ட பெயர். அந்த சீனியர் ரோட்ரிக்ஸ் பின்னாளில் தரைப்படைத் தளபதி ஆனார்.

குமார் 1933இல் ராவல்பிண்டியில் பிறந்தவர். 1960இல் எவரெஸ்டுக்குப் போன முதல் இந்தியக் குழுவில் இருந்தார். உச்சிக்குச் சுமார் 700 அடி இருக்கும்போது காற்று விடவில்லை, திரும்பினார்கள். அடுத்த வருஷம் நீலகண்ட சிகரத்தில் பனிக்கடி. நான்கு கால்விரல்கள் போயின.

நமக்கென்றால் அத்தோடு கதை முடிந்திருக்கும். சுண்டுவிரல் கதவில் இடித்தாலே நான் இரண்டு நாள் லீவு போடுகிற ஆள். இவருக்கோ அதற்குப் பிறகுதான் ஆரம்பம். 1964இல் நந்தாதேவி ஏறிய முதல் இந்தியக் குழுவுக்குத் தலைவர். 1965இல் ஒன்பது பேரை எவரெஸ்ட் உச்சியில் நிறுத்திய கோலியின் குழுவில் துணைத் தலைவர். 1977இல் அவர் தலைமையில் கஞ்சன்ஜங்கா. 1955இல் பிரிட்டிஷ்காரர்கள் ஏறியபின் அந்தச் சிகரத்தில் மனிதர் ஏறியது அதுதான் இரண்டாவது தடவை. அதுவும் யாரும் ஏறி முடிக்காத வடகிழக்குப் பக்கமாக.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். யார் போட்ட எல்லை? யாருமே போடவில்லை என்பதுதான் பதில். அங்கேதான் வினை.

1949 கராச்சி ஒப்பந்தத்தில் போர்நிறுத்தக் கோட்டை என்.ஜே. 9842 என்ற புள்ளிவரை வரைந்தார்கள். அதற்கு மேல் கோடு வடக்கே பனியாறுகளை நோக்கிப் போகும் என்று எழுதிவிட்டு எழுந்துவிட்டார்கள். மனிதன் நடமாட முடியாத இடத்துக்கு யார் சண்டை போடப்போகிறார்கள் என்ற நினைப்பு. 1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகும் கோடு நீளவில்லை.

ஆனால் அமெரிக்க வரைபடங்கள் சில, அந்தப் புள்ளியிலிருந்து காரகோரம் கணவாய்க்கு நேராக ஒரு கோட்டை இழுத்திருந்தன. அதன்படி சியாச்சின் முழுக்கப் பாகிஸ்தான் பக்கம். அப்படி ஒரு வரைபடத்தை ஒரு ஜெர்மானியர் தன்னிடம் காட்டியதாகக் குமாரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 70களில் பாகிஸ்தான் வெளிநாட்டு மலையேறிகளுக்கு அந்தப் பகுதியில் அனுமதியும் கொடுத்துவந்தது. இதன் சூட்சுமம் எளிது. யாரிடம் அனுமதி வாங்கி ஏறுகிறார்களோ அவர்தான் சொந்தக்காரர் என்று உலகம் எடுத்துக்கொள்ளும். ஆக்கிரமிக்கத் துப்பாக்கி வேண்டாம், ரப்பர் ஸ்டாம்ப் போதும்!

குமார் வரைபடத்தை ராணுவத் தலைமையகத்துக்குக் கொண்டுபோனார். போய்ப் பார்க்க அனுமதி கிடைத்தது. 1978இல் ஒரு குழுவோடு பனியாற்றில் நடந்தார். வெளிநாட்டுக் குழுக்கள் விட்டுப்போன டப்பாக்களும் குப்பையும் கிடந்தன. 1981இல் மறுபடி போனார். 70 கிலோமீட்டருக்கு மேல் நீளமான அந்தப் பனியாற்றை அடியிலிருந்து தலைவரை, வடகோடி இந்திரா கோல் வரை, நடந்தே அளந்தார்கள். (இது இந்திரா காந்தி பெயரில்லை. 1912இலேயே அங்கே நடந்த அமெரிக்கப் பெண்மணி ஃபேனி புல்லக் வொர்க்மனும் அவர் கணவரும் வைத்த பெயர்.) சால்டோரோ காங்ரி, சியா காங்ரி என்று ஏழாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களையும் குழு ஏறியது. அப்போது குமாருக்கு 47 வயது. விரல் போன கால்.

அந்தப் பயணங்களின் குறிப்புகளும் படங்களும்தான் ராணுவத்துக்கு வழிகாட்டின. 1984 ஏப்ரல் 13இல் இந்திய வீரர்கள் அங்கே இறங்கினார்கள். இன்றுவரை திரும்பவில்லை. 2003 நவம்பரில் துப்பாக்கிச் சத்தம் நின்றது, சாவு நிற்கவில்லை. குண்டுபட்டுச் செத்தவர்களைவிடக் குளிரிலும் பனிச்சரிவிலும் செத்தவர்களே அதிகம். அந்தப் பக்கமும் இதே கதைதான். 2012இல் கயாரியில் ஒரே சரிவில் 140 பேர்.

பால்ட்டி மொழியில் சியாச்சின் என்றால் காட்டு ரோஜாக்கள் நிறைந்த இடமாம்.

குமார் போகாமல் இருந்திருந்தால் இந்தியா அங்கே தாமதமாகப் போயிருக்கும், அல்லது போகவே முடியாமல் ஆகியிருக்கும். அதனால்தான் அவருக்கு அவ்வளவு மரியாதை. பனியாற்றில் அவர் பெயரில் ஒரு ராணுவ முகாமே இருக்கிறது. எனக்கும் அவர்மேல் மரியாதைதான். ஆனால் இதையெல்லாம் அம்மாவுக்கு ஃபோனில் சொல்லி முடித்தபோது அவள் சொன்னது மனதிலிருந்து போகமாட்டேன் என்கிறது.

"அவரு ஏறிட்டு எறங்கி வந்துட்டாரு. இவங்களை அங்கயே இருக்கச் சொல்லிட்டாங்களே."

கர்னல் குமார் 2020 டிசம்பர் 31 அன்று, 87 வயதில், ஹனுமந்தப்பா இறந்த அதே ராணுவ மருத்துவமனையில் காலமானார். தினமும் ஆஃபீஸ் போகும் வழியில் தௌலா குவானைத் தாண்டும்போது இரண்டு பேரும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறார்கள்.

தில்லிப் பக்கம் வந்தால் மலை மந்திரோடு திரும்பிவிடாதீர்கள். பெனிட்டோ ஹுவாரெஸ் சாலையில் இந்திய மலையேற்ற அறக்கட்டளையின் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆட்டோக்காரருக்குத் தெரியாது, நீங்கள்தான் வழி சொல்லவேண்டும்.