அஞ்சாம் படியில் நின்றுபோன புல்லட்

பி.காம் படிக்கிறவனுக்கு ஷாக் அப்சார்பரைப் பற்றி என்ன தெரியும்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். மூணு மாசம் முன்னாடி வரைக்கும் எனக்கும் ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டி வந்தது எங்க அம்மாவால.

எங்க வீட்டில் இருப்பது 350 சிசி புல்லட். அப்பா 1998ல் வாங்கியது. இப்போ ஓட்டுவது நான். அம்மாவுக்கு முதுகுவலி. வாரம் இரண்டு நாள் சாந்தோமிலிருந்து லஸ் பக்கம் பிசியோதெரபிக்குப் போகணும். என் பின்னாடி இரண்டு தடவை உட்கார்ந்து வந்தாங்க. மூணாவது தடவை, "நான் ஆட்டோவிலேயே போயிக்கறேன்பா" என்று சொல்லிட்டாங்க. ஒவ்வொரு வேகத்தடையும் நேரா இடுப்பில் இறங்குதாம். என் ஓட்டுதலைத்தான் நாசூக்கா சொல்றாங்கன்னு நினைச்சேன். அப்புறம் ஷாக்தான் போயிடுச்சுன்னு முடிவு பண்ணி, புதுசு வாங்கப் பணம் சேர்க்க ஆரம்பிச்சேன்.

மெக்கானிக் அண்ணன் வண்டியை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துச் சிரித்தார். "ஷாக் நல்லாத்தான் இருக்கு தம்பி. அஞ்சுல நிக்குது. இறக்கு." ஷாக்கின் அடியில் படிக்கட்டு மாதிரி வெட்டின ஒரு வளையத்தைக் காட்டினார். அந்த வளையத்தின் பின்னாடி என்ன கதை இருக்குன்னு தேடப் போனதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

ஒரு காலத்தில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்பக்கம் ஸ்பிரிங்கே கிடையாது. பின் சக்கரம் நேராக ஃபிரேமில் மாட்டியிருக்கும். ஓட்டுபவரைக் காப்பாற்ற சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங், அவ்வளவுதான். 1928லேயே இத்தாலியின் மோட்டோ குஸி போன்ற சில கம்பெனிகள் பின் சஸ்பென்ஷனோடு வண்டி விட்டன. ஆனாலும் கரடுமுரடான பாதையில் ஓட்டும் போட்டிக்காரர்கள் பலர் அதை நம்பவில்லை. பின் சக்கரம் ஆடினால் பிடிமானம் போய்விடும் என்பது அவர்கள் வாதம்.

இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு இந்த நம்பிக்கையை நேரடியாக மோதிப் பார்த்தது. 1948ல், பின் சக்கரத்தை மேலும் கீழும் அசையும் ஒரு கையில் (ஸ்விங் ஆர்ம்) மாட்டி, இரண்டு பக்கமும் எண்ணெய் நிரப்பிய ஷாக் வைத்து, புது 350 புல்லட்டைப் போட்டியில் இறக்கினார்கள். அதே வருஷம் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் கோப்பையை வென்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட்டுகள். ஓட்டிய சார்லி ரோஜர்ஸ், விக் பிரிட்டன் இருவருக்கும் தங்கப் பதக்கம். 1949ல் அந்த வண்டி விற்பனைக்கு வந்தது.

அதே 1949ல்தான் இங்கே கே.ஆர். சுந்தரம் ஐயர், பிரிட்டிஷ் வண்டிகளை இறக்குமதி செய்ய மெட்ராஸ் மோட்டார்ஸைத் தொடங்கினார். 1952ல் இந்திய ராணுவம் அவர்களிடம் 350 சிசி புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 1955ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. எங்க சாந்தோமிலிருந்து அதே கடலோரமாக வடக்கே போனால் வருகிற திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1956 முடிவதற்குள் 163 வண்டிகள். 1970ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி நின்றே போனது. நம்ம ஊரில் மட்டும் அதே புல்லட் பெரிய மாற்றமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

ராணுவத்துக்கு என்று வந்த வண்டி, பிறகு குடும்ப வண்டியானது. ஒருத்தர் போகும்போது ஒரு எடை, பின்னாடி ஆள் ஏறினால் வேறு எடை. இதற்காகத்தான் அந்தப் படி வளையம்.

அது என்ன செய்கிறது? நம்ம பாடத்திலேயே சொல்றேன். ஸ்பிரிங்கின் விறைப்பு வாடகை மாதிரி. வளையத்தைத் திருப்பி ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைப்பது அட்வான்ஸ் மாதிரி. அட்வான்ஸைக் கூட்டினால் மாச வாடகை மாறாது, உள்ளே நுழையத்தான் அதிகப் பணம் வேணும். அதே போல வளையத்தை ஏற்றினால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடாது, ஆனால் அசைய ஆரம்பிக்கவே அதிக எடை வேணும். எடை குறைந்தால் சின்ன மேடு பள்ளத்துக்கு ஷாக் அசைந்தே கொடுக்காது. அடி நேரா பின்னால் இருப்பவர் முதுகுக்குப் போகும். ரொம்ப இறக்கி வைத்தாலும் தப்பு. வண்டி பின்னால் உட்கார்ந்து, ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், பெரிய பள்ளத்தில் ஷாக் அடிவரை போய் முட்டும்.

அளப்பது சுலபம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது ஆக்சிலிலிருந்து நேர் மேலே சீட் ஓரம் வரை அளக்கணும். ஸ்டாண்டை எடுத்து, ஓட்டுபவரும் பின்னால் வருபவரும் உட்கார்ந்த பிறகு மறுபடி அளக்கணும். வித்தியாசம், சக்கரம் அசையக்கூடிய மொத்த தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருந்தால் சரி. 80 மில்லிமீட்டர் அசையும் வண்டிக்கு 25 பக்கம். எங்க வண்டியில் வந்தது 11! சி ஸ்பேனரால் இரண்டு பக்கமும் ஒரே படிக்கு, அஞ்சிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன். 24 வந்தது. செயின் தொய்வையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். செலவு பூஜ்யம் :-)

அஞ்சில் வைத்தது யார்னு அப்பாவிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாம நாலு பேர் போவோமேடா" என்றார். டேங்க் மேல நான், நடுவில் அக்கா, கடைசியில் அம்மா. சட்டப்படி தப்புதான், ஆனா எங்க வீட்டு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் பீச்சுக்குப் போகும். அந்த எடைக்காக 2009ல் கேஸ் ஷாக் மாற்றி, கடைசிப் படியில் வைத்திருக்கிறார். அக்கா கல்யாணமாகி கோவை போயாச்சு. அப்பா ஓட்டுவதை நிறுத்தியாச்சு. வளையம் மட்டும் நாலு பேருக்காகவே காத்துக்கொண்டு இருந்திருக்கு. வண்டி மாறாததில் நமக்கு அவ்வளவு பெருமை. மாற்றிக்கொள்ளச் சொல்லி வைத்த வளையத்தையும் மாற்றாமலே விட்டுவிட்டோம்.

போன வியாழக்கிழமை அம்மாவைக் கெஞ்சி லைட்ஹவுஸ் வரை கூட்டிப் போனேன். வழியில் இரண்டு வேகத்தடை. ஒன்றும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் இறங்கி, "சனிக்கிழமை ஆட்டோ சொல்லாதே" என்றார்கள்.

உங்க வீட்டு வண்டி எத்தனையாம் படியில் நிற்குதுன்னு ஒருமுறை குனிந்து பாருங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்.