வீ உதிரும் உடல்

பெங்களூரில் 'பிளேக் மாரியம்மன்' என்னும் பெயருடன் கோயில்கள் உண்டு. அவ்வழியே நாள்தோறும் செல்லும் நம்மவரிற் பலர் அப்பெயரின் காரணத்தை அறியார். 1898ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்நகரில் பிளேக் நுழைந்தது. மக்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு வெளியேறினர். நோயாளருக்கென முகாம்கள் எழுந்தன. அம்முகாம்களில் பணியாற்றியவருள் ஒருவர் டாக்டர் பல்பு. மதராஸில் மருத்துவம் பயின்றும், சாதியை முன்னிட்டுத் திருவிதாங்கூர் அரசாங்கம் வேலை மறுக்கவே, மைசூர் அரசாங்கப் பணிக்கு வந்தவர் அவர். பிழைப்பு நாடி வேற்று மாநிலம் வந்துள்ள நாம் நினைவிற் கொள்ளத்தக்க பெயர் அது.

பிளேக் கண்டவருக்கு அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டும். கட்டியினுள் கிருமிகளோடு, மடிந்த நம் உயிரணுக்களும் குவிந்துகிடக்கும். பிழைத்தவருள் சிலருக்கு அது உடைந்து வடியும். சிலருக்கு உடையாமலே வற்றிவிடும். உடையாமலே வற்றியதெனில், உள்ளே கிடந்த பிணங்களை அகற்றியவர் யார்?

இவ்வினாவுக்கு ஓரளவு விடை அன்றே இருந்தது. 1897 ஜனவரி 10ஆம் நாள் பம்பாயில், தாம் ஆக்கிய பிளேக் தடுப்பூசியைத் தம் உடலிலேயே போட்டுச் சோதித்தவர் ஹாஃப்கின். ஒடெஸ்ஸாவில் அவருக்கு ஆசானாயிருந்தவர் மெச்னிகாஃப். 1882இல் இத்தாலியின் மெஸ்ஸினாவில், கண்ணாடிபோல் தெளிந்த நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் மெச்னிகாஃப் ஒரு முள்ளைச் செருகினார். மறுநாள் அம்முள்ளை உயிரணுக்கள் சூழ்ந்து நின்றன. கிருமிகளை விழுங்கும் அணுக்கள் என்னும் கொள்கை அங்கே பிறந்தது. 1908இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

ஆயின் அவர் கண்ட மற்றொன்று உண்டு. தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் மறைகிறதல்லவா? அவ்வாலின் தசையையும் விழுங்கணுக்களே உண்பதாக அவர் எழுதினார். அங்கே பகைவன் எவனுமில்லை. உண்ணப்படுவது சொந்த உடல். போரைப் பாடிய உலகம் இந்தத் துப்புரவுப் பணியை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. போர்க்களத்தில் வென்றவனைப் பாடுவோர் பிணம் அகற்றியவனைப் பாடுவதில்லையே!

1972இல் கெர், வைலி, கரி என்னும் மூவர், ஒழுங்காக நிகழும் அணுச்சாவுக்கு 'அபப்டோசிஸ்' என்று பெயரிட்டனர். மரத்தினின்று இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. இதை 'அணுத் தற்கொலை' என்று மொழிபெயர்ப்பாரும் உளர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அது உவப்பாயில்லை. அரும்பு, மொட்டு, முகை எனப் பூவின் பருவங்களை எண்ணும் தமிழ், உதிரும் பூவுக்கு 'வீ' என்று பெயர் வைத்துள்ளது. வீதல் என்றால் இறத்தல். இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

உதிரவிருக்கும் அணுவை விழுங்கணு எவ்வாறு இனங்காண்கிறது? உயிருள்ள அணுவின் சவ்வில் பாஸ்பாடிடைல்செரின் என்னும் கொழுப்பு உட்புறமே இருக்கும். அணு சாகத் தொடங்கியதும் அது வெளிப்புறம் புரண்டுவிடுகிறது. அதுவே அடையாளம் என்பதை 1992இல் ஆய்வாளர் கண்டனர். உள்வீட்டுத் திரைச்சீலை தெருத்திண்ணையில் தொங்கினால் அண்டை வீட்டார் ஓடிவந்து பாரார்களா? விழுங்கணுவும் அவ்வாறே வந்து, அணு வெடித்துச் சிதறுமுன் அதை விழுங்கிவிடுகிறது. அதன்பின் வீக்கமும் சினமும் எழாதபடி அடக்கும் பொருள்களையும் சுரக்கிறது.

இத்துப்புரவு தவறினால் மடிந்த அணுவின் உட்கருப் பொருள்கள் வெளியே சிந்துகின்றன. அவற்றைப் பகையென மயங்கி உடல் தன்னையே தாக்க முற்படுவது 'லூபஸ்' என்னும் நோய்க்கு ஒரு காரணம். இரத்தத்திலுள்ள ஸி1க்யூ என்னும் புரதம் இத்துப்புரவுக்கு உதவுவது. பிறவியிலேயே அஃது இல்லாதவருள் பெரும்பாலோருக்கு லூபஸ் வருகிறது. இந்நோய் கண்டவரிற் பத்தில் ஒன்பதுபேர் பெண்கள். அவருள்ளும் இளம்பெண்களே மிகுதி. மூட்டுவலி, களைப்பு என்று தொடங்குவதால், வேலைக்குச் சோம்புகிறாள் என்ற பழியும் வீட்டில் அவர்களைச் சேர்கிறது. சிறுநீரகம் பழுதான பின்னரே மருத்துவரிடம் வருவோரும் உண்டு. இன்று தரப்படும் மருந்துகள் பெரும்பாலும் உடலின் தாக்குதலைத் தணிப்பவை. தேங்கிய பிணங்களை அகற்றும் பணியைச் செவ்வனே நடத்தித் தரும் மருந்தை ஆய்வுக்கூடங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றன.