புரெவி புயல் (2020)

முத்துக்குளித்துறை எனப் பெயர்பெற்ற தூத்துக்குடிக் கடற்கரை, 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயலை எதிர்பார்த்திருந்தது. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே அது கரையைக் கடக்கும் என இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்திருந்தது. மீன்பிடிப் படகுகள் கரையிலேயே நின்றன.

டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே இலங்கையில் கரையேறிய புயல், மறுநாள் மன்னார் வளைகுடாவை அடைந்தது. 'தமிழ்நாடு வெதர்மேன்' எனப்படும் பிரதீப் ஜான் உள்ளிட்ட வானிலை ஆர்வலர்கள், செயற்கைக்கோள் படங்களையும் ராடார் படங்களையும் கொண்டு அதன் வலிமையைத் தொடர்ந்து கவனித்தனர். வெப்பமான கடல்நீர் பொதுவாகப் புயலுக்கு ஆற்றல் தரும். ஆயினும் இலங்கை நிலப்பரப்பைக் கடக்கையில் தளர்ந்த புரெவி, இருபுறமும் நிலம் சூழ்ந்த ஒடுங்கிய வளைகுடாவில் மீண்டும் தேறவில்லை. டிசம்பர் 3 மாலை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகியது. பின்னர் இராமநாதபுரம் அருகே ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றபடி, கடலிலேயே மேலும் வலுவிழந்தது.

தூத்துக்குடி தப்பியது உண்மைதான். ஆனால் 'வலுவிழந்தது' என்ற சொல் பலரை ஏமாற்றக்கூடியது. புயலின் வகை காற்றின் வேகத்தைக் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது (மணிக்கு 62 கி.மீ. முதல் 'புயல்'), மழை அக்கணக்கில் வராது. நகராமல் நின்ற மண்டலம் கடலின் ஈரப்பதத்தை இழுத்துக்கொண்டே இருந்தது. மையத்திலிருந்து வெகுதூரம் வடக்கே, கடலூர் மாவட்டத்தில் பெருமழை கொட்டியது. சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் வெள்ளம் தேங்கியது.