அரசலாற்றின் கடைசி இரண்டு கிலோமீட்டர்

காவிரிக்கரையோரமாகவே நடந்து பார்க்கணும் என்று ஆசைப்படுகிறவர்களிடம் நான் சொல்வது, கடைசித் துண்டிலிருந்து ஆரம்பியுங்கள் என்பதுதான். கும்பகோணத்தைத் தொட்டுக்கொண்டு வரும் அரசலாறு காரைக்காலில் கடலில் சேர்கிறது. ஊரிலிருந்து பீச்சுக்குப் போகும் சாலை ஆற்றை ஒட்டியே போகிறது. சுமார் இரண்டு கிலோமீட்டர். ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. கூட வந்த நண்பர், "இதெல்லாம் ஒரு நடையா?" என்றார். நடைக்காக இல்லை, இந்த வழியாக வெளியேறியவர்களுக்காகத்தான் அவரைக் கூட்டிப் போயிருந்தேன்.

1739-இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த ஊர் இது. நடுவில் சில முறை ஆங்கிலேயர் பிடுங்கிக்கொண்டதைத் தவிர, 1954 நவம்பர் 1 வரை அவர்கள் கையில்தான் இருந்தது. மூன்று பக்கமும் பிரிட்டிஷ் தஞ்சாவூர் ஜில்லா, ஒரு பக்கம் கடல். எல்லை என்பது பல இடங்களில் ஒரு வயல் வரப்புதான்.

1848-இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853-இல் 'ஒரேலி' என்ற கப்பல் மார்த்தினிக் தீவுக்கு முதல் தமிழ்க் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியது. 1861-இல் பிரான்சும் பிரிட்டனும் ஒப்பந்தம் போட்டன. பிரிட்டிஷ் குடிகளையும் சேர்க்கலாம், ஐந்து வருட வேலை, முடிந்ததும் திரும்பிவரக் கப்பல் வசதி. மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர் போனார்கள். எல்லாரும் இங்கிருந்து ஏறவில்லை, கல்கத்தாவிலிருந்தும் போனார்கள். ஆனால் புதுச்சேரியோடு காரைக்காலும் முக்கியமான வாசல். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் வரப்பைத் தாண்டி வந்து, தூரத்தில் நிற்கும் கப்பலுக்குப் படகில் போக வேண்டும்.

திரும்பாத கணவன் இந்த ஊருக்குப் புதிதில்லை. புனிதவதியின் பரமதத்தன் கப்பலேறிப் போய்ப் பாண்டிநாட்டில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவனுக்காவது சேக்கிழார் கிடைத்தார். ஆனிமாதம் மாங்கனித் திருவிழாவும் நடக்கிறது. கூலிகளுக்குக் கிடைத்தவர் குமாஸ்தா. முத்துசாமியும் வீராசாமியும் அவர் காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்தில் ஏறி, பேரப்பிள்ளைகளின் குடும்பப்பெயராகவே நிலைத்துவிட்டன.

வரப்பும் கூடவே கடல் தாண்டிப் போனது என்பதுதான் என்னை உறுத்துவது. குவாதலூப்பில் 1863-இல் பிறந்தவர் ஹென்றி சிதாம்பரோம். சிதம்பரம்தான் அப்படி ஆகியிருக்கிறது. காரைக்காலிலிருந்து பஸ்ஸில் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். அங்கேயே பிறந்த இந்தியர் பிள்ளைகளுக்கு வாக்குரிமை உண்டா என்று 1904-இல் கேள்வி எழுந்தது. பெற்றோர் பிரிட்டிஷ் குடிகள், ஆகவே இவர்கள் பிரெஞ்சுக்காரர் இல்லை என்பது அரசின் வாதம். சிதாம்பரோம் விடவில்லை. 1923 வரை போராடித்தான் ஜெயித்தார்.

இதே காலத்தில் இந்தப் பக்கம், வரப்புக்கு உள்ளே பிறந்த காரைக்கால்காரருக்கு 1881 ஆணைப்படி வேறு வழி இருந்தது. சொந்தச் சாதி, மதச் சட்டங்களைத் துறப்பதாக எழுதிக்கொடுத்து, தனக்குப் பிடித்த ஒரு குடும்பப்பெயரையும் தேர்ந்தெடுத்துக்கொண்டால், அவர் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வந்துவிடுவார். கப்பலேறிய பக்கத்துக் கிராமத்துக்காரனின் மகனுக்கு அதே நாட்டிடம் அந்த உரிமையை வாங்க, அதற்குப்பின் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது.